கவனச்சிதறல் எண் ஒன்று

தூத்துக்குடியில் கப்பல் சரக்கு ஆவணத் தகுதித் தேர்வு வாரியம் என்று ஒன்று இருந்தது. இன்னமும் இருக்கிறது என்கிறார்கள். நாசமாய்ப் போகட்டும். நான் அந்த வாரியத்தின் பரீட்சையில் தேறியவன். என் பெயருக்குப் பின்னால் நான்கு எழுத்துப் போட்டுக்கொள்ள எனக்குக் கொஞ்ச காலம் உரிமை இருந்தது. அப்போதும் ஒரு கடுதாசியில்கூடப் போட்டுக்கொண்டதில்லை. ஏன், ஏன் என்று கேட்பவர்களுக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. எழுதி வைத்துவிட்டால் எடுத்து நீட்டிவிட்டு என் வேலையைப் பார்க்கலாம்.

என் பெயர் இனிகோ. 1975இல் எனக்கு இருபத்தொன்பது வயது. கடற்கரை ரோட்டில் ஒரு கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தாவாக இருந்தேன். கொழும்புக்குப் போகிற தோணியில் எத்தனை மூட்டை வெங்காயம், எத்தனை கட்டுக் கருவாடு என்று எழுதுவது என் வேலை. எழுதியதற்குக் கீழே கையெழுத்துப் போடும் தகுதி எனக்கு இல்லை. அதற்கு வாரியத்தின் பரீட்சையில் தேற வேண்டும். தேறியவர் எங்கள் ஆபீசில் ஒரே ஒருவர்தான். அவர் கையெழுத்துக்குக் காத்துக் கிடந்தே எத்தனையோ மூட்டை வெங்காயம் முளைவிட்டிருக்கிறது.

மணப்பாட்டில் சிலுவை என்ற கப்பல்காரரின் மகள் மெட்டில்டாவை எனக்கு நிச்சயம் செய்திருந்தார்கள். அங்கே பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவள் அப்பா கப்பலில் எஞ்சின் ரூமில் வேலை பார்த்தார். அவர் லீவில் வந்ததும் கல்யாணம் என்று பேச்சு. பரீட்சையில் தேறினால்தான் பெண் என்று யாரும் சொல்லவில்லை. எனக்குத்தான் அந்த ஆசை. கையெழுத்துப் போடுகிறவனின் பெண்டாட்டியாக அவளைத் தூத்துக்குடிக்குக் கூட்டிவர வேண்டும் என்று நினைத்தேன். அவளும் சரி என்றாள். வாரம் ஒரு கடிதம் எழுதுவாள். என் பாடப்புத்தகத்தின் இன்னொரு பிரதியை எங்கிருந்தோ வாங்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கடிதத்தின் கடைசியிலும் ஒரு கேள்வி கேட்பாள். அடுத்த கடிதத்தில் விடை வரும். அப்படித்தான் நாங்கள் காதலித்தோம்.

வாரியத்தின் விண்ணப்பத்தில் நாற்பத்தொரு கட்டம். இருபத்திரண்டாவது கட்டத்தில் இப்படி இருந்தது: "தேர்வரின் கவனத்தைச் சிதறடிக்கக்கூடிய நபர்கள் உண்டா? உண்டெனில் பெயர், முகவரி, அங்க அடையாளம்." ஐந்து பிள்ளை பெற்றவன் ஒருவன் என் பக்கத்தில் உட்கார்ந்து கூசாமல் "இல்லை" என்று எழுதினான். என் புத்தி அப்படி ஓடவில்லை. எழுதிக் கேட்கிறார்கள், பொய் சொன்னால் பாவசங்கீர்த்தனத்தில் போய் முழங்காலில் நிற்க வேண்டும் என்று நினைத்து, மெட்டில்டா, தகப்பன் பெயர் சிலுவை, மணப்பாடு, இடது புருவத்துக்கு மேல் சின்னத் தழும்பு என்று எழுதினேன். உண்மையைச் சொல்கிறேனே, அவள் பெயரை ஒரு அரசாங்கக் காகிதத்தில் எழுதுவதில் எனக்கு உள்ளூரச் சந்தோஷமாகக்கூட இருந்தது. மடையன்.

பத்தாம் நாள் கார்டு வந்தது. மேற்படி நபர் கவனச்சிதறல் எண் ஒன்றாகப் பதிவு செய்யப்பட்டார், தேர்வர் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கவனச்சிதறல் பிரிவில் நேரில் ஆஜராகி அறிக்கை தர வேண்டும் என்று கண்டிருந்தது.

பழைய பருத்திக் கிட்டங்கி ஒன்றில் வாரியம் நடந்தது. பரீட்சைப் பிரிவுக்கு ஒரு மேசை. கவனச்சிதறல் பிரிவுக்கு ஒரு கூடம், மூன்று குமாஸ்தா, ஒரு டைப்ரைட்டர். அறிக்கைப் படிவத்தில் மூன்று பத்தி: எண் ஒன்றை நேரில் கண்டது, நினைத்தது, கனவில் கண்டது. ஒவ்வொன்றுக்கும் மணிக்கணக்கு எழுத வேண்டும். கனவுக்கு எப்படி மணிக்கணக்குச் சொல்வது என்று கேட்டேன். அதற்குத்தான் சராசரி இருக்கிறதே என்று ஒரு குமாஸ்தா எரிந்து விழுந்தார். இதை எழுதவே எனக்கு வாரத்தில் ஒரு அரைநாள் போயிற்று. வெள்ளிக்கிழமை வரிசையில் நிற்பதில் இன்னொரு அரைநாள். அந்த நேரத்தைப் படிப்பில் சேர்ப்பதா சிதறலில் சேர்ப்பதா என்று எழுதிக் கேட்டேன். பதில் இன்னும் வரவில்லை.

தை மாதத்தில் சிலுவை மாமா பதினான்கு மாதக் கடலுக்குப் பிறகு ஊருக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச்சொல்லி ஆள் அனுப்பினார். அதே ஞாயிற்றுக்கிழமை வாரியத் தலைவர் சென்னையிலிருந்து வருகிறார், "குடும்பமும் தேர்வும்: சமநிலை காண்பது எப்படி" என்று சொற்பொழிவு, வராதவருக்கு ஹால் டிக்கெட் கிடையாது என்று வாரியம் சொன்னது. நான் சமநிலை காணப் போனேன். மணப்பாட்டில் எனக்கு வாங்கிய சீலா மீனை அவர்கள் சாப்பிட்டுக்கொண்டார்கள்.

தலைவர் மாலையைக் கழற்றாமலே பேசினார். அந்தப் பேச்சு எனக்கு இன்றைக்கும் மனப்பாடம்.

"நான் இந்தத் தேர்வுக்குப் பதினோரு வருஷம் படித்தேன். பதினோரு வருஷமும் என் மனைவி அவள் தகப்பனார் வீட்டில் இருந்தாள். எங்களுக்குள் ஒருநாள்கூட ஒரு சின்னச் சண்டை வந்தது கிடையாது. இதைத்தான் சமநிலை என்கிறேன். மூத்த மகன் பிறந்த செய்தி தந்தியில் வந்தது. பிரிக்காமல் புத்தகத்துக்குள் அடையாளத்துக்கு வைத்தேன். அந்த வருஷம் அந்தப் பக்கத்திலிருந்துதான் கேள்வி வந்தது. இன்றைக்கு அவன் பெரிய உத்தியோகத்தில் இருக்கிறான். எங்கே என்பது மனைவிக்குத் தெரியும்."

கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அய்யா எந்த வருஷம் தேறினீர்கள் என்று பின் வரிசையிலிருந்து ஒருவன் கேட்டுவிட்டான். தலைவர் கோபப்படவே இல்லை. பன்னிரண்டாம் வருஷம் தன்னைத் தலைவராகப் போட்டுவிட்டார்கள் என்றும், தலைவர் பரீட்சை எழுதக் கூடாது என்று விதி இருக்கிறது என்றும் பொறுமையாக விளக்கினார்.

பிப்ரவரி 23, திங்கள்கிழமை கல்யாணம் என்று குறித்தார்கள். மாமாவுக்கு மாதக் கடைசியில் கப்பல். மார்ச் மூன்று சாம்பல் புதன். அதோடு தபசுகாலம் தொடங்கிவிடும், பாஸ்கு என்கிற ஈஸ்டர் வரை கோயிலில் கல்யாணம் கிடையாது. எங்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகன் இன்னாருக்கும் இன்னார் மகள் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குச்சாமியாரிடம் தெரிவிக்க வேண்டும் என்று சாமியார் சொல்வார். யாரும் தெரிவிக்க மாட்டார்கள். பாட்டுப் பாடுவார்கள்.

முதல் ஓலை வாசித்த வாரம், விதிப்படி, கவனச்சிதறலில் ஏற்பட்ட மாற்றத்தை நான் வாரியத்துக்குத் தெரிவித்தேன். ஓலையின் நகலையும் சேர்த்துக் கொடுத்தேன். செயலாளர் ஆறுமுகநயினார் அதை மூன்று தடவை படித்தார். நெற்றி நிறைய விபூதி, மேசை நிறைய ரப்பர் ஸ்டாம்பு. கோயில் பக்கமெல்லாம் போகிறவர்தான், ஆனால் எங்கள் கோயில் வழக்கம் அவருக்குத் தெரியாது. தடை அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்ற வரியில் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டார்.

"எழுத்து மூலமா கேட்டிருக்காங்க. கேட்ட கேள்விக்குப் பதில் போடாம இருக்கது ஆபீஸ் மரபு கெடையாது," என்றார்.

இரண்டாம் ஓலை வாசித்த மறுநாள் மணப்பாட்டுப் பங்குச்சாமியாருக்கு அரக்கு முத்திரை வைத்த உறை போயிற்று. மேற்படி திருமணத்துக்கு வாரியம் தடை தெரிவிக்கிறது, காரணம் விசாரணையில் உள்ளதால் வெளியிட இயலாது. அவ்வளவுதான் கடிதம். சாமியாருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சகோதரனைக் கட்டுவது தடை, சந்நியாசியைக் கட்டுவது தடை, ஏற்கெனவே கட்டியவனைக் கட்டுவது தடை. பரீட்சைக்குப் படிக்கிறவனைப் பற்றி ரோமாபுரி ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் முத்திரை வைத்த கடுதாசி. அது நெருக்கடி நிலைக் காலம், முத்திரையைக் கண்டால் ஆயர்களே எழுந்து நின்ற காலம். மூன்றாம் ஓலையை அவர் வாசிக்கவில்லை.

ஊர் சும்மா இருக்குமா? தூத்துக்குடியில் அவனுக்கு ஒருத்தி இருக்கிறாளாம், பிள்ளையும் இருக்கிறதாம், கவர்மெண்டே எழுதிப் போட்டிருக்கிறது என்று பேச்சாகிவிட்டது. தண்ணீர் பிடிக்கப் போன மெட்டில்டாவிடம் நேரிலேயே கேட்டிருக்கிறார்கள். அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, இனிகோவைப் பற்றி எனக்குத் தெரியும் என்று சொன்னாளாம்.

நான் செயலாளரின் காலில் விழாத குறை. அவர் மிகவும் அன்பாகப் பேசினார். தடையை விலக்க வழி இருக்கிறது. எண் ஒன்று வெள்ளிக்கிழமை இருபதாம் தேதி விசாரணைக்கு ஆஜராக வேண்டும். அதற்கு முன் அவள் எழுதிய கடிதங்களை நான் தாக்கல் செய்ய வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் சாயங்காலமே கடிதம் தருகிறேன், ஞாயிறு ஓலை, திங்கள் கல்யாணம் என்றார். ஒரே ஒரு நிபந்தனை, விதி நாற்பத்தாறு. விசாரணையின்போது தேர்வர் அறையில் இருக்க வேண்டும், பேசக் கூடாது. பேசினால் மூன்று வருஷம் பரீட்சை எழுத முடியாது.

வீட்டுக்குப் போனேன். டிரங்குப் பெட்டியிலிருந்து அவளுடைய முப்பத்தெட்டுக் கடிதங்களையும் எடுத்தேன். சணலால் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ரசீது கொடுத்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை மாமாவும் மெட்டில்டாவும் திருச்செந்தூர் வழியாக பஸ் மாறி வந்து இறங்கினார்கள். அவள் கல்யாணத்துக்கு எடுத்த சேலைகளில் ஒன்றைக் கட்டியிருந்தாள். பெரிய ஆபீஸ், மரியாதையாகப் போக வேண்டும் என்று மாமா சொன்னாராம். மாமாவை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். உள்ளே ஆறுமுகநயினாரும் இரண்டு உறுப்பினர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு எதிரே அவளை உட்காரவைத்தார்கள். எனக்கு ஓரத்தில் ஒரு ஸ்டூல். கையில் ஹால் டிக்கெட்டைக் கொடுத்து, விசாரணை முடியும்வரை இதை வைத்திரும் என்றார்கள்.

வாரத்துக்கு எத்தனை மணி நேரம் தேர்வரின் கவனத்தைச் சிதறடித்தீர்கள் என்பது முதல் கேள்வி.

"நான் மணப்பாட்டுல பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கேன். அவுக இங்கன இருக்காக. நான் எப்படிச் சிதறடிக்க?"

"தொலைவிலிருந்து" என்று குறித்துக்கொண்டார்கள்.

நிறம் என்ன, உயரம் என்ன, படிப்புக்கு இடைஞ்சலான அழகு இருப்பதாக யாராவது சொன்னதுண்டா என்று ஒரு உறுப்பினர் கேட்டார். படிவத்தில் அப்படித்தான் இருக்கிறது, தான் சொந்தமாகக் கேட்கவில்லை என்றும் சொன்னார். அவள் பதில் சொல்லவில்லை. "மறுக்கவில்லை" என்று எழுதினார்கள்.

பிறகு செயலாளர் சணலை அவிழ்த்தார். அப்போதுதான் அவள் அந்தக் கட்டைப் பார்த்தாள். அந்த நிமிஷம் அவள் முகத்தைப் பார்த்திருந்தால் நான் என்ன செய்திருப்பேனோ தெரியாது. நான் ஹால் டிக்கெட்டில் என் பெயரைப் படித்துக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொரு கடிதமாக வாசித்தார்கள். கடைசியில் கேள்வி இருப்பதைக் கண்டதும் வெளியாள் ஒருத்திக்குப் பாடத்திட்டம் எப்படித் தெரிந்தது என்று தனி விசாரணை தொடங்கிற்று. புத்தகம் கடையில் விற்கிறது என்றாள். அதை விசாரிக்க இன்னொரு கமிட்டி போட முடிவானது. இருபத்தேழாம் கடிதத்தில் செயலாளர் நிறுத்திக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். பிறகு, பரீட்சை ஹாலில் கேள்வித்தாளை வாசிக்கிற குரலில் வாசித்தார்.

"நீங்க பாஸ் பண்ணாட்டியும் எனக்குப் பரவாயில்ல. உடம்பக் கெடுத்துக்கிடாதீங்க."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தோல்விக்குத் தூண்டுதல், விதி ஐம்பத்திரண்டு என்றார் ஒருவர். வாரியத்தின் இருபது வருஷ சரித்திரத்தில் இப்படிப் பகிரங்கமாக எழுத்தில் பார்த்ததில்லை என்றார் இன்னொருவர். செயலாளர் அந்த வரியின் கீழ் சிவப்புக் கோடு போட்டார். அழுத்திப் போட்டதில் காகிதம் கிழிந்தது.

ஒரு வார்த்தை. "அய்யா, போதும்" என்றால் போதும். அதற்கு மேல் எனக்குப் பேசவும் தெரியாது. தொண்டை வரை வந்தது. மூன்று வருஷம் என்ற எண்ணமும் கூடவே வந்தது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அவர்கள் செய்ததை அயோக்கியத்தனம் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன், சரிதான். நான் செய்ததற்கு எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை.

பரீட்சை முடியும்வரை தடை நீடிக்கும் என்று தீர்ப்பாயிற்று. பஸ் ஸ்டாண்டில் மாமா மகள் முகத்தைப் பார்த்தார், சீட்டுப் பிடித்தார். கல்யாணத்துக்குச் சொல்லிவைத்த ஆட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மாதக் கடைசியில் பம்பாய்க்கு ரயிலேறிவிட்டார் என்று பின்னால் தெரிந்தது. மெட்டில்டாவிடமிருந்து அதன்பின் கடிதம் வரவில்லை. அறிக்கைப் படிவத்தில் நேரில் கண்டது சைபர், கனவில் கண்டது சைபர் என்று எழுதினேன். நல்ல முன்னேற்றம் என்று குமாஸ்தா பாராட்டினார்.

ஏப்ரலில் பரீட்சை. முத்துக்குளிப்பு நின்று பதினைந்து வருஷமாகிறது, கடலில் சிப்பியே இல்லை. ஆனால் முத்துச் சரக்குக்கு எத்தனை படிவம், எந்தெந்த நிறக் காகிதம் என்று இருபது மார்க்குக்குக் கேள்வி. ஹாலில் எல்லோரும் விழித்தார்கள். எனக்குத் தெரிந்தது. அவள் கேட்டு அவளே விடை எழுதியிருந்த கேள்வி. எழுதிவிட்டு வெளியே வந்து, உப்பு லாரிகள் போகிற ரோட்டில் நின்று அழுதேன். அந்த வருஷம் தூத்துக்குடியில் தேறியது நான் ஒருவன்தான்.

ஜூன் மாதம் சர்டிபிகேட்டை எடுத்துக்கொண்டு மணப்பாட்டுக்குப் போனேன். பள்ளிக்கூடத்தில் இடைவேளை. அவள் வெளியே வந்தாள். காப்பி குடித்தீர்களா என்று கேட்டாள். நான் சர்டிபிகேட்டை நீட்டினேன். வாங்கி முழுக்கப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். வாரியம் தடையை விலக்கிக்கொண்டுவிட்டது, மாமா வந்ததும் தேதி குறிக்கலாம் என்றேன். கடிதங்களைக் கொடுத்தது தப்புதான், அதைத் தவிர வேறு வழி இல்லை என்றும் என்னென்னவோ சொன்னேன்.

"லெட்டரக் குடுத்ததகூட விட்டுருதேன். அந்தாளு வாசிச்சப்ப நான் அவரப் பாக்கல. உங்களத்தான் பாத்துக்கிட்டே இருந்தேன். நீங்க ஒரு தடவ நிமிந்து பாத்திருந்தாப் போதும், நான் வேற ஒண்ணும் கேட்டிருக்க மாட்டேன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். மணி அடித்தது. பிள்ளைகள் அவள் சேலையைப் பிடித்து இழுத்தார்கள். வெயிலில் நிற்காதீர்கள், பஸ் வர இன்னும் நேரமிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த வருஷம் வீரபாண்டியன்பட்டணத்தில் ஒருவருக்கு அவளைக் கட்டிக் கொடுத்தார்கள்.

இதோடு விட்டதா? தேறியவர்கள் ஒரு வருஷம் கவனச்சிதறல் பிரிவில் அனுபவ உறுப்பினராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சர்டிபிகேட் செல்லாது என்று வாரியம் எழுதிற்று. போகக் கூடாது என்றுதான் நினைத்தேன். பிறகு, உள்ளே போய் உட்கார்ந்தால் அந்தப் படிவத்தையாவது கிழிக்கலாம் என்று போனேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முதல் விசாரணை சாத்தான்குளத்துக்காரர்களுடையது. தேர்வர் தேவபிரசாதம், இருபத்தாறு வயது, ஒடிசலான பையன். கவனச்சிதறல் எண் ஒன்று கிருபை, நர்ஸ். அதே நாற்காலி, அதே ஸ்டூல். மேசையில் சணல் கட்டு. என்னைவிட ஒழுங்கானவன், கடிதங்களைத் தேதி வாரியாக அடுக்கிக் கொடுத்திருந்தான். ஆறுமுகநயினார் மேல் கடிதத்தைப் பிரித்து என்னிடம் நீட்டி, அனுபவஸ்தர் வாசிக்கட்டும் என்றார்.

நான் வாங்கவில்லை. ஸ்டூலில் இருந்தவனைப் பார்த்தேன்.

"ஏலே தம்பி, எந்திரி. வாசிக்கக் கூடாதுன்னு சொல்லு. ஒரு வார்த்த சொல்லு போதும். பரீட்சை போனாப் போகட்டும், நான் சொல்லுதேன், சொல்லிரு."

கிருபை திரும்பி அவனையே பார்த்தாள். அவன் தலையைத் தூக்கவில்லை. ஹால் டிக்கெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். உதடு துடித்தது. சொல்லிவிடுவான், சொல்லிவிடுவான் என்று நான் நாற்காலியை விட்டுப் பாதி எழுந்துவிட்டேன். அவன் ஹால் டிக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பி, விதி நாற்பத்தாறு அச்சாகியிருந்த இடத்தை விரலால் தொட்டு எனக்குக் காட்டினான்.

கிருபை எழுந்தாள். மேசையிலிருந்த கட்டை எடுத்துத் தன் பையில் போட்டாள். செயலாளர் கையிலிருந்த கடிதத்தையும் உருவிக்கொண்டு வெளியே போய்விட்டாள். தடுப்பதற்கு விதி இருக்கிறதா என்று ஆறுமுகநயினார் அவசர அவசரமாகப் புத்தகத்தைப் புரட்டினார். நான் அன்றைக்கே வாரியத்தை விட்டு வந்தேன், சர்டிபிகேட்டும் செல்லாமல் போயிற்று.

தேவபிரசாதம் அந்த வருஷம் முதல் வகுப்பில் தேறினான்.